பிரெஞ்சுக்காரிக்குப் பதிலாக வண்டி ஓட்டியவள்

அந்த வருடம் மாங்காய் நன்றாகப் பிடித்திருந்தது. 2019, மே மாதக் கடைசி. ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் பிரான்ஸில் இருந்தது. அங்கிருந்து வரும் மெஷின்களோடு கையேடுகளும் பிரெஞ்சிலேயே வரும். அவற்றைப் படிப்பதற்காகவே மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். 'வால்வை இடதுபுறம் திருகவும்', 'கையுறை அணியாமல் தொடாதீர்' என்ற அளவில் எனக்கு அந்த மொழி நன்றாகவே வரும். மனிதர்களோடு பேசித்தான் பழக்கமில்லை.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பிரெஞ்சுப் படம் எடுக்க வந்திருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து அவர்கள் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாம் நாளே வெயில் தாங்காமல் காய்ச்சல் கண்டுவிட்டது. யார் யாரையோ விசாரித்துக் கடைசியில் எங்கள் எச்.ஆர். மேனேஜரிடம் வந்து நின்றார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "பிரவீனா, மூணு வாரம் நீ இங்க வர வேணாம், தோப்புக்குப் போ" என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சினிமா ஷூட்டிங்கை அதற்கு முன் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை.

படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மாம்பழ அத்தை' என்று வரும். பாரிஸில் பூக்கடை வைத்திருக்கும் ஒருத்திக்கு, இந்தியாவில் வாழ்ந்து செத்துப்போன அத்தை ஒரு மாங்கூழ் ஆலையை எழுதிவைத்துவிடுகிறாள். அதைப் பார்க்க வருகிறவளை, ஆலையை வளைத்துப் போட நினைக்கும் ஆட்கள் துரத்துகிறார்கள். அடிதடி, சிரிப்பு, நடுவில் கொஞ்சம் அழுகை. பூக்கடைக்காரியாக நடித்தவள் பெயர் கமீல். இயக்குநர் எலோடி, ஐம்பது வயதுப் பெண்மணி, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சண்டை, துரத்தல் எல்லாவற்றுக்கும் பாஸ்கல் என்கிற ஸ்டண்ட் மாஸ்டர் பொறுப்பு. ஒரு காது பாதி இல்லாதவர். அது எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு கதை சொல்வார்.

நான் போன முதல் நாள், ஒரு சின்னச் சரக்கு வண்டியை மாமர வரிசைகளுக்கு நடுவே சரிவில் வேகமாகப் பின்னால் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கமீலுக்குக் கியர் வண்டியே ஓட்டத் தெரியாது. அதனால் பெங்களூர் ஸ்டண்ட்காரர் சின்னராஜுக்கு அவளுடைய சட்டையையும் மஞ்சள் விக்கையும் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள், தூரத்தில் பார்த்தால் பெண் மாதிரியேதான் இருந்தார். ஆனால் மாங்காய் லோடோடு பின்னால் வந்த வண்டி இரண்டு முறையும் அதே மரத்தில் போய் இடித்தது.

எனக்குப் பக்கத்தில் புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். படத்துக்கு வேண்டிய மாங்காயைப் பெட்டி பெட்டியாகத் தன் வண்டியில் ஏற்றிவந்தவள். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். மூன்றாவது தடவையும் மரம் குலுங்கியபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தண்ணன் கண்ணாடிய பாத்துகினு ஓட்டறாரும்மா. லோடு வண்டிய கண்ணாடிய பாத்து பின்னாடி எடுத்தா ஆவாது. தலைய வெளிய வுட்டு பின் சக்கரத்த பாக்கணும்."

நாங்கள் பேசுவதைப் பாஸ்கல் கவனித்துவிட்டார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தவர், ஓட்டிக் காட்டச் சொல் என்று வண்டியைக் காட்டினார்.

அவள் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டாள். ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் திரும்பினாள். அப்புறம் அந்த வண்டி வந்த வேகத்தைப் பார்த்து நான் ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இருநூறு அடி இருக்கும். ஒரு இலையில்கூடப் படாமல், சரிவின் அடியில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சின்னராஜும் விக்கைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். அவள் இறங்கிவந்து என்னிடம் கேட்டது, "இந்தப் பெட்டிங்கள எங்க எறக்கட்டும்?"

அவள்தான் மாதேஸ்வரி.

பாஸ்கல் அவளிடம் முதலில் கேட்டது, இப்போது என்ன ஓட்டுகிறாய் என்று. "குட்டி யானை ஓட்டறேன் சார்" என்றாள். அந்தச் சின்னச் சரக்கு வண்டியை எங்கள் பக்கத்தில் வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பதற்றத்தில் நான் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். பாஸ்கல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். எத்தனை வருடமாக என்று கேட்டார். ஆறு வருடம். அது எங்கே தூங்கும்? "ஊட்டுக்கு வெளிய, வேப்ப மரத்தடியில." என்ன சாப்பிடும் என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மாதேஸ்வரியிடம் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து என் பிரெஞ்சைப் பற்றிய பயம் கொஞ்சம் போனது என்றும் சொல்ல வேண்டும்.

அந்தச் சரிவு அவளுக்குப் புதிதில்லை. தோப்பு கோவிந்தப்பனுடையது. அவளுடைய அப்பா கரியப்பன் இருபது வருடத்துக்கு மேல் அங்கே டிராக்டர் ஓட்டியவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் மரத்தடியில் கண்ணசரும் நேரத்தில், பதின்மூன்று வயது மாதேஸ்வரி டிரெய்லரோடு டிராக்டரை வரிசைக்குள் பின்னால் எடுத்துப் பழகியிருக்கிறாள். ஒருநாள் கோவிந்தப்பன் பார்த்துவிட்டார். கரியப்பன் அவர் கண்ணெதிரிலேயே மகளுக்கு இரண்டு அறை வைத்தார். அடுத்த வாரமே, முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, "எனக்கு முதுகு வலிக்குது, நீயே எடு" என்று டிரெய்லரில் ஏறிப் படுத்துக்கொண்டாராம்.

கல்யாணம் ஆகி ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டுக்கு வந்தாள். கணவர் முனிசாமிக்கு ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. அது முடிந்ததும் பழைய குட்டி யானை ஒன்றை வாங்கி ஓட்டினார். சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கியது. வண்டி ஒரு மாதம் வேப்ப மரத்தடியிலேயே நின்றது. மாதேஸ்வரி போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி, ஓசூரிலிருந்து ரோஜாப்பூ, வீடு காலி செய்கிறவர்களின் பீரோ, கட்டில், எல்லாம் அவள் வண்டியில் போனது.

கமீலுக்குப் பதிலாக அவளையே ஓட்ட வைக்கச் சம்மதம் கேட்டு, மறுநாள் பாஸ்கலும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். மாமியார் கெம்பம்மா கன்னடத்தில் ஏதோ கேட்டபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.  பாஸ்கல் ஒரு தாளில் படம் வரைந்து, வண்டிக்குள் இரும்புக் குழாயில் கூண்டு மாதிரி கட்டுவோம், நாலு பக்கமும் பெல்ட் போடுவோம் என்று விளக்கினார். முனிசாமி அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கூண்டெல்லாம் சரி. பிரேக் யாரு பாக்கறது? சரிவுல லோடோட பின்னாடி வரச்சொல்ல பிரேக் சூடாவும்னு அவருக்குத் தெரியுமானு கேளும்மா."

கேட்டேன். பாஸ்கல் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிரேக்கைப் பற்றியே பேசினார்கள். அந்த விஷயத்தில் என் பிரெஞ்சு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கடைசியில் முனிசாமி மனைவியைப் பார்த்து, "உனக்கு இஷ்டந்தானே?" என்றார். "இல்லாமலா நேத்து செருப்ப கழட்டினேன்" என்றாள் அவள்.

அப்படி ஆரம்பித்தன அந்தப் பத்தொன்பது நாட்கள். விடிகாலையில் புரொடக்‌ஷன் கார் முதலில் என்னையும் அப்புறம் அவளையும் ஏற்றிக்கொண்டு சூளகிரி வழியாகப் போகும். அவள் டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வருவாள். "கிளச்ச மிதிச்சிகினே இருக்கறான்" என்று என் காதில் சொல்வாள். நான் தூங்கி அவள் தோளில் சாய்வேன்.

தோப்பில் இறங்கியதும் முக்கால் மணி நேரம் மேக்கப். கமீலின் பழுப்பு மஞ்சள் முடி மாதிரியே ஒரு விக். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. கைகள் கேமராவில் தெரியும் என்பதால் முழங்கைக்கு மேல்வரை வெள்ளைச் சாயம் பூசினார்கள். முதல் நாள் மேக்கப் போடுகிற பெண் ஸ்பாஞ்சால் தேய்க்கத் தேய்க்க, மாதேஸ்வரி தன் கையை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள்.

"வண்டி ஓட்டறது நானு. இதுக்கு அந்தம்மாவுக்கு ரெண்டு கோட் கறுப்பு அடிச்சிட்டா வேல முடிஞ்சிதே. ஏன் நடக்காதுன்னு கேளு."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டேவிட்டேன். மேக்கப் பெண்ணின் கை நின்றது.  ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து, தனக்காக மாதேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். "அவங்க இன்னா பண்ணுவாங்கோ பாவம், அடிக்கச் சொல்லு" என்று கையை நீட்டினாள் மாதேஸ்வரி.

மூன்றாம் நாள் மருமகளைப் பார்க்கக் கெம்பம்மா வந்தார். மாதேஸ்வரி எதிரே போய் நின்றாள். கெம்பம்மா புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி, என்னிடம் "யாரம்மா இவங்க?" என்றார். "நான்தான் அத்தே" என்றாள் மருமகள். கெம்பம்மா அவள் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கீழே குனிந்து காலைப் பார்த்தார். காலுக்கு யாரும் சாயம் பூசவில்லை. மெட்டியைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

மத்தியானச் சாப்பாடு ஷாமியானாவுக்குக் கீழே. நீளமான மேசைகள். இயக்குநரிலிருந்து வயர் சுருட்டுகிறவர் வரை எல்லோரும் ஒன்றாக உட்கார்வார்கள். கோவிந்தப்பனும் ஒரு மணிக்குச் சரியாக வந்து எலோடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மாதேஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் பின்னால் போய்விடுவாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. நாலாவது நாள் கமீல் அவளைத் தேடிப் போய், கையைப் பிடித்து இழுத்துவந்து தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவளுக்கு எதிரே கோவிந்தப்பன்.

ஒரே முடி, ஒரே சட்டை, ஒரே நிறத்தில் கைகள். கோவிந்தப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். தான் அறுத்து வைத்திருந்த மாம்பழத் துண்டுகளின் தட்டை மாதேஸ்வரியின் முன்னால் நீட்டினார்.

"மேடம், டேக். அல்போன்சா. மை ட்ரீ" என்றார்.

மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவளே நிமிர்ந்தாள்.

"அய்யா, நான் கரியப்பன் பொண்ணு."

தட்டு அப்படியே நின்றது. கோவிந்தப்பனுக்கு அப்போது எழுபது வயது இருக்கும்.  அந்தத் தட்டு எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கமீல் என் பக்கம் திரும்பி என்ன ஆயிற்று என்றாள். 

"கரியப்பன் பொண்ணா" என்றார் அவர். "எடுத்துக்கோ."

அவள் ஒரு துண்டு எடுத்தாள். அவர் அன்றைக்குச் சீக்கிரமே எழுந்து போய்விட்டார். மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், அதே மேசையில் உட்கார்ந்தார். அதன்பின் அவர்கள் பேசிக்கொண்டதாக ஞாபகம் இல்லை. தட்டு நீட்டிய அன்று சாயங்காலம் காரில் திரும்பும்போது மாதேஸ்வரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தோப்புல விழுந்தத பொறுக்கி தின்னிருக்கேன். தட்டுல வெச்சி ஒருத்தரும் நீட்டுனதில்ல. இன்னிக்கு நீட்டுனது எனக்கா, இந்த முடிக்கானு தெரியல போ."

பத்தாவது நாள் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு காட்சி இருந்தது. போகிற வழியில் சானமாவுக் காட்டில் ஒற்றை யானை ஒன்று ரோட்டோரம் நிற்கிறது என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எலோடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கல் மட்டும் மாதேஸ்வரியிடம் வந்து, ரொம்பப் பணிவாக, அது உன்னுடையதா, கொஞ்சம் நகர்த்தி நிறுத்த முடியுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அவள் அசராமல், "சாவிய ஊட்லயே வெச்சிட்டேன்னு சொல்லு" என்றாள். அன்றைய படப்பிடிப்பே ரத்தானது. ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்தில் சிரித்ததுபோல் நாங்கள் வேறெப்போதும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸில் காத்திருந்தவர்களும் இறங்கிவந்து, எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

பெரிய காட்சி பதினான்காம் நாள். கமீல் வண்டியைச் சரிவில் பின்னால் ஓட்டுவாள். அடியாட்கள் இரண்டு பைக்கில் எதிரே துரத்திவருவார்கள். பாதி வழியில் முன்னால் பொருத்தியிருந்த ஒரு கம்பியை இழுத்தால் வண்டியின் பக்கப் பலகை திறந்து, லோடு மாங்காயும் கொட்டி உருளும். பைக்குகள் சறுக்கும். வண்டி நிற்காமல் போய்விடும். இத்தனையையும் பாஸ்கல் சொல்லச் சொல்ல நான் மாதேஸ்வரிக்குச் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அடியாளாக வரும் சின்னராஜ் பைக்கிலிருந்து விழுந்து, அலறி, அசையாமல் கிடப்பார் என்பதை. அவர் விழும் இடத்தில் வைக்கோலுக்கு அடியில் மெத்தை போட்டிருந்ததும் அவளுக்குத் தெரியாது. எப்படி விட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வெயில், களைப்பு, ஏதோ ஒன்று.

வண்டி கிளம்பியது. அவள் கழுத்தை வெளியே நீட்டியிருந்தாள், விக் காற்றில் பறந்தது. பலகை திறந்தது. மாங்காய்கள் பச்சையும் மஞ்சளுமாகச் சரிவெல்லாம் உருண்டன. முதல் பைக் வளைந்து தப்பித்தது. சின்னராஜின் பைக் சறுக்கி, அவர் தூக்கி எறியப்பட்டு, அலறியபடி விழுந்தார்.

வண்டி நின்றது.

பாஸ்கல் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். மாதேஸ்வரி நாலு பெல்ட்டையும் எப்படிக் கழற்றினாளோ தெரியவில்லை, மாங்காய்களின் மேல் சறுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். விக் ஒரு காதுக்கு நழுவித் தொங்கியது. சின்னராஜின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அடி பட்டுச்சா? அண்ணா, அடி பட்டுச்சா?"

சின்னராஜ் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அக்கா, கேமரா ஓடிகினு இருக்குது."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். சின்னராஜும் சிரித்தார். மாதேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைச் சாயக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு மாங்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், "என் தப்புக்கா, நான்தான் சொல்லல" என்றேன். பாஸ்கலிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளைத் தட்டிவிட்டுப் போய் மாங்காய் பொறுக்க ஆரம்பித்தார். லோடு முழுவதையும் திரும்பப் பொறுக்க அரை நாள் ஆனது. கமீலும் பொறுக்கினாள். மாதேஸ்வரி முதல் ஆளாகப் பொறுக்கி, கடைசி ஆளாக நிமிர்ந்தாள்.

எலோடி மட்டும் மானிட்டர் முன்னாலிருந்து எழவில்லை. அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார். நம் கதாநாயகி படம் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள், இந்த இடத்தில் அவள் நிற்கட்டும் என்றார். பாஸ்கலுக்குப் பிடிக்கவில்லை. துரத்தலின் நடுவில் வண்டி நின்றால் எல்லாம் போச்சு என்றார். ரொம்ப நேரம் விவாதம் நடந்தது. முடிவில் இரண்டு விதமாகவும் எடுப்பது என்று ஆனது. அவள் வண்டியை நிறுத்தியதைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சு என்று மாதேஸ்வரிக்கு நான் சொன்னபோது, அவள் நம்பவில்லை. "சும்மா எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்கோ" என்றாள்.

கமீல் அவளைத் தேடி வந்தாள். 'அடி பட்டுச்சா' என்ற வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொல்ல மாட்டேன், நீ சொன்ன மாதிரியே சொல்கிறேன், கற்றுக்கொடு என்றாள். இரண்டு பேரும் வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் கீழே நின்றேன்.

"அதி பத்துச்சா" என்றாள் கமீல்.

"அடி. நாக்க மேல மடக்கு. அடி."

நாக்கு அரை மணி நேரத்தில் மடங்கிவிட்டது. குரல்தான் வரவில்லை. கமீல் கேட்டபோது அது போலீஸ்காரர் விசாரிப்பதுபோல் இருந்தது. மாதேஸ்வரி யோசித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவங்க ஊட்ல யாராவது கண்ணெதிர்ல வுழுந்திருக்காங்களான்னு கேளு."

 கமீல், சின்ன வயதில் தன் அப்பா அலமாரியின் மேலிருந்து பெட்டி எடுக்க ஏணியில் ஏறி விழுந்ததைச் சொன்னாள். அவள் அவரிடம் ஓடினாளாம், ஆனால் ஒன்றுமே கேட்க வாய் வரவில்லையாம்.

"அப்ப கேக்காதத இப்ப கேளு" என்றாள் மாதேஸ்வரி.

அதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கமீல் மாதேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "அடி பட்டுச்சா?" என்றாள். மாதேஸ்வரி தலையாட்டினாள். அன்று சாயங்காலம் முதல் தடவையிலேயே அந்தக் காட்சி சரியாக வந்தது.

கடைசி நாளன்று பாஸ்கல் தன் தோல் கையுறைகளை அவளிடம் கொடுத்தார். காது எப்படிப் போனது என்ற நிஜக் கதையையும் அவளுக்கு மட்டும் சொல்வதாகச் சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அது ஒரு சமையலறைக் கதவு. யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். ஆறு வருடம் நான் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர்கள் போன பிறகு வந்த திங்கட்கிழமை நான் கம்பெனிக்குத் திரும்பினேன். மேசையில் ஒரு புதுக் கையேடு இருந்தது. இரண்டு பக்கம் படித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். மாதேஸ்வரி அன்றைக்குத் தக்காளி லோடு போட்டதாக அப்புறம் சொன்னாள். முழங்கை மடிப்பில் சாயம் போகாமல் ஒரு வாரம் இருந்ததாம். தேய்த்துக் கழுவ மனம் வரவில்லை என்றாள்.

கொரோனா வந்து படம் தள்ளிப்போய், 2021 கடைசியில் பிரான்ஸில் வெளியானது. அடுத்த வருடம் எலோடியின் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு லிங்க் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாதேஸ்வரி வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் படாமல் ஜன்னலில் போர்வையைக் கட்டினோம். நான் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சரிவுக் காட்சி வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

கழுத்தை வெளியே நீட்டி ஒருத்தி வண்டியைப் பின்னால் ஓட்டினாள். முகம் ஒரு நொடிகூடத் தெரியவில்லை. கெம்பம்மா திரையைத் தொட்டு, "நம்ம மாதேஸ்வரி" என்றார். முனிசாமி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இன்னும் கொஞ்சம் மெதுவா எடுத்திருக்கலாம்" என்றார். எத்தனையோ நாள் எடுத்தது மொத்தம் ஒன்றரை நிமிடம் வந்தது. வண்டி நின்றது. ஓடுகிற முதுகு மாதேஸ்வரியுடையது, மடியில் தலையை வைத்துக்கொண்ட முகம் கமீலுடையது. எலோடி தான் நினைத்தபடியே வைத்துவிட்டார். பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்த படத்தில் திடீரென்று நம் பேச்சு கேட்டது.

"நல்லா கேக்குது அந்தப் பொண்ணு" என்றாள் மாதேஸ்வரி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள். இறுதியில் பெயர்கள் ஓடியபோது மூன்று தடவை பின்னால் போய் நிறுத்தி அவள் பெயரைக் கண்டுபிடித்தோம். முனிசாமி அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதே வருடம் அவள் ஹெவி லைசென்ஸ் எடுத்தாள். இப்போது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறாள். எனக்கும் கம்பெனி மாறிவிட்டது. கையேடுகளை இப்போது கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடுகிறது, என் பிரெஞ்சு சும்மா கிடக்கிறது. போன மாதம் ஒரு நாள் மூன்று மணி வாக்கில் அவள் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். ஷிப்ட் விட இன்னும் நேரம் இருந்தது. படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஹைவேயில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

"பஸ்ல வர்ற சுவாதின்னு ஒரு பொண்ணுகிட்ட அந்தப் படத்த பத்தி சொன்னேன். நெட்ல தேடிப் பாத்துட்டு, ட்ரெய்லர்தான் இருக்குதுக்கா, அதுல நீங்க இல்லயேங்கறா. இல்லன்னா உட்ரு கண்ணுன்னேன்."

"வருத்தமாக்கா?"

"அதெல்லாம் இல்ல." டீயைச் சுழற்றிக் கடைசி மடக்கைக் குடித்தாள். "மூஞ்சி வரலைன்னெல்லாம் நான் நெனைக்கறதே இல்ல. ஓட்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் பேசாம இருப்பாங்க பாரு. எரநூறு பேரு. இருமக்கூட மாட்டாங்கோ. எலை விழுந்தா கேக்கும். அவ்ளோ பேரும் நான் வண்டி எடுக்கறதுக்காக வாய மூடிகினு நிப்பாங்கோ. அதுதாம்மா அப்பப்ப ஞாபகம் வருது."

 எனக்கும் அது ஞாபகம் இருந்தது. சைரன் ஊதியது. பெண்கள் கும்பலாகப் பேசிக்கொண்டே வந்து ஏறினார்கள். ஒருத்தி பாட்டை ஸ்பீக்கரில் போட்டாள். மாதேஸ்வரி எழுந்து டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பின்னால் ஒரு வேனை அணைத்து நிறுத்தியிருந்தார்கள், திரும்ப இடம் குறைவு. அவள் தலையை வெளியே நீட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்தாள். பஸ் மெதுவாகப் பின்னால் வந்து, வளைந்து, ரோட்டில் ஏறியது.